20 இஞ்ச் டிவியில் 20 இஞ்ச் கிடையாது: மலை வீட்டில் பழைய டிவி கேம்

டேப்பை எடுத்து, 20 இஞ்ச் என்று விற்ற பழைய கலர் டிவியின் கண்ணாடியில் மூலைக்கு மூலை வைத்துப் பாருங்கள். ஒளிரும் பகுதி 48 செ.மீ. வரும். அதாவது 19 இஞ்சுக்கும் ஒரு நூல் குறைவு. விற்றவர் ஏமாற்றவில்லை. 20 இஞ்ச் என்பது பிக்சர் டியூபின் வெளிக் கண்ணாடியின் மூலைவிட்டம். அதில் ஓரம் கொஞ்சம் கேபினட்டின் சட்டத்துக்குள் போய்விடும், கொஞ்சம் கண்ணாடியின் தடிமனிலேயே போய்விடும்.

14 இஞ்சில் கண்ணுக்குத் தெரிவது 34 செ.மீ. 21 இஞ்சில் 51, 25 இஞ்சில் 59, 29 இஞ்சில் 68. பழைய டிவி எல்லாமே 4:3 என்பதால் கணக்கு எளிது. பள்ளியில் படித்த 3-4-5 முக்கோணம்தான். மூலைவிட்டத்தை 0.8 ஆல் பெருக்கினால் அகலம், 0.6 ஆல் பெருக்கினால் உயரம். 14 இஞ்ச் செட்டில் 27.2க்கு 20.4 செ.மீ. படம். 20 இஞ்சில் 38.4க்கு 28.8. 21 இஞ்சில் 40.8க்கு 30.6. அமெரிக்காவில் 1966இலேயே கண்ணுக்குத் தெரியும் அளவைத்தான் விளம்பரத்தில் சொல்லவேண்டும் என்று விதி வந்துவிட்டது. நம் ஊர் விளம்பரங்கள் கண்ணாடி அளவையே பிடித்துக்கொண்டிருந்தன.

பழைய செட் தேடுகிறவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. 1980களின் கலர் டிவியில் ‘51 செ.மீ.’ என்று இருந்தால் அது 20 இஞ்ச்; 20ஐ 2.54ஆல் பெருக்கிய வெளி அளவு. ஆனால் பின்பக்கத்தைக் கழற்றி, டியூபில் ஒட்டிய சீட்டைப் பார்க்கும்போது அது ‘ஏ51’ என்று தொடங்கினால், அது 21 இஞ்சாகவும் இருக்கலாம். பிற்காலத்து ஐரோப்பிய முறையில் ‘ஏ’க்குப் பின் வரும் எண் கண்ணுக்குத் தெரியும் செ.மீ. ஏ34 என்றால் 14 இஞ்ச், ஏ48 என்றால் 20 இஞ்ச். அதற்கு முந்தைய டியூப்களில், கலரானாலும் கறுப்பு வெள்ளையானாலும், அதே எண் வெளி அளவைச் சொன்னது. ஏ50-120டபிள்யூ என்றால் 20 இஞ்ச் கறுப்பு வெள்ளை டியூப். ஆகவே மாற்று டியூபோ, சட்டமோ, கண்ணாடி மேல் ஒட்டும் ஷீட்டோ தேடும்போது எண்ணை நம்பாதீர்கள். டேப்பை நம்புங்கள்.

அளவில் இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், ஆரம்பகால வீட்டு வீடியோ கேம்கள் திரையின் அளவை நம்பியே பிறந்தவை. 1972இல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிசிதான் வீட்டு டிவியில் ஆடுவதற்கென்று விற்பனைக்கு வந்த முதல் கருவி. ரால்ஃப் பேயர் என்ற பொறியாளர் 1966இல் தொடங்கிய யோசனை அது. அதனால் திரையில் காட்ட முடிந்தது சில வெள்ளைச் சதுரங்களும் ஒரு கோடும் மட்டும். சத்தம் கிடையாது, மதிப்பெண் கிடையாது, நிறம் கிடையாது. டென்னிஸ் கோர்ட்டும் மற்ற ஆட்டக் களங்களும் வண்ணம் அச்சிட்ட பிளாஸ்டிக் ஷீட்டாகப் பெட்டிக்குள் வந்தன. ஷீட்டை டிவிக் கண்ணாடியில் வைத்தால் திரையின் நிலைமின்சாரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஷீட்டும் இரண்டு அளவில் கொடுக்கப்பட்டது. ஏனென்றால் திரை அளவு பொருந்தாவிட்டால் வலை ஓரிடத்திலும் பந்து திரும்புவது வேறிடத்திலுமாக ஆட்டமே கெட்டுவிடும். டிவி அளவு தெரியாமல் ஆட முடியாத கேம் அது.

அடுத்து 1975இல் அட்டாரியின் வீட்டு பாங் (திரையில் இரண்டு மட்டை, ஒரு பந்து ஆட்டம்) வந்தது. 1976இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனியின் ஏஒய்-3-8500 என்ற 28 கால் ஐசி வந்த பிறகு கதை மாறியது. டென்னிஸ், சாக்கர், ஸ்குவாஷ், தனி ஆள் பயிற்சி, இரண்டு துப்பாக்கி ஆட்டம், ஆக ஆறும் ஒரே ஐசிக்குள். மதிப்பெண்ணும் சத்தமும் அதற்குள்ளேயே. அந்த ஐசியின் சாதாரண வடிவம் படத்தை 625 வரியாக வரையும் நம் ஊர் வகை டிவிக்கு. ‘-1’ என்று முடிவது அமெரிக்காவின் 525 வரிக்கு. பழைய பாங் பெட்டி கைக்கு வந்தால் முதலில் திறந்து பார்க்கவேண்டியது ஐசியின் மேல் அந்த ‘-1’ இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் நம் செட்டில் படம் உருளும். வெர்டிகல் ஹோல்டைத் திருகி நிறுத்தலாம், ஆனால் ஆர்எஃப் வழி, அதாவது ஆன்டெனா ஒயர் வழி, சத்தம் வராது.

1977இல் அட்டாரி 2600. படத்தை மொத்தமாக நினைவில் வைக்க அதில் இடமே இல்லை. டிவியின் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை வரைந்துகொண்டிருக்கும்போதே அந்த வரிக்கான விவரத்தை புரோகிராம் கொடுத்துக்கொண்டே போகவேண்டும். அகலத்தில் 160 புள்ளி. நம்மில் பலர் ‘டிவி கேம்’ என்றவுடன் நினைப்பது இதற்கு அடுத்தது. 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியும், அதைப் பார்த்துச் செய்த நகல்களும். மேலே கேசட் குத்தி, இரண்டு ஜாய்ஸ்டிக் சொருகி, சிலதில் துப்பாக்கியும் சேர்த்து வந்த அந்தப் பெட்டிகள். அகலம் 256 புள்ளி, உயரம் 240 வரி.

அந்த 240தான் இஞ்ச் கணக்கை இன்னொரு முறை குறைக்கிறது.

நம் டிவி முறை பால்-பி (குடிக்கிற பால் அல்ல). மொத்தம் 625 வரி, வினாடிக்கு 50 ஃபீல்டு (ஒன்று விட்டு ஒரு வரியாக வரையும் அரைப் படம்). ஒரு ஃபீல்டில் படம் தாங்கும் வரி சுமார் 288. எல்லா செட்டும் படத்தின் ஓரத்தைச் சட்டத்துக்கு வெளியே கொஞ்சம் தள்ளித்தான் வரையும். வோல்டேஜ் குறைந்து படம் சுருங்கினாலும் கறுப்பு ஓரம் தெரியாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அப்படித் தள்ளியது போக கண்ணுக்குத் தெரிவது 268 வரி என்று வைத்துக்கொள்வோம். கேம் கொடுப்பது 240. மீதி 28 வரி மேலே பாதி, கீழே பாதி கறுப்புப் பட்டையாக நிற்கும். 14 இஞ்ச் செட்டில் மேலே ஒரு செ.மீ., கீழே ஒரு செ.மீ. 21 இஞ்சில் தலா 1.6 செ.மீ. வட்டமாக இருக்கவேண்டியது சற்று அமுங்கிய முட்டையாகத் தெரிவதும் இதனால்தான். டிவி பழுது என்று நினைத்துப் பிரிப்பவர்கள் நிறைய.

வேகமும் குறையும். அமெரிக்க, ஜப்பானிய செட்டுக்கு 60 ஃபீல்டு என்று எழுதிய ஆட்டம் இங்கே 50இல் ஓடுகிறது. அங்கே 10 வினாடியில் முடிவது இங்கே 12 வினாடி. நகல் பெட்டிகளின் பிராசசர் வேகம் ஏறக்குறைய அசலுடையதே என்பதால் இசையின் சுருதி மாறாது, தாளம் மட்டும் மந்தமாகும். நாம் சிறுவயதில் கேட்டுப் பழகியது அந்த மந்த தாளத்தைத்தான். இன்று எமுலேட்டரில் (பழைய கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) கேட்டால் அவசரப்படுவதுபோல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

சரி, எந்த அளவு செட் வாங்குவது? என் கட்சி 14 இஞ்ச்.

காரணம் வரியின் தடிமன். கண்ணுக்குத் தெரியும் 268 வரியை 20.4 செ.மீ. உயரத்தில் பரப்பினால் ஒரு வரிக்கு 0.76 மி.மீ. 21 இஞ்சில் 1.14. 29 இஞ்சில் 1.5. கேம் படம் இரண்டு ஃபீல்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் வரைவதால் வரிக்கு வரி இடையே இருட்டு விழும். 14 இஞ்சில் அந்த இருட்டு கூர்மையாகத் தெரிகிறது. 29இல் ஜன்னல் கம்பி போட்டதுபோல் இருக்கிறது. கேமில் வரும் எழுத்து 8 வரி உயரம். 14 இஞ்சில் 6.1 மி.மீ.; 1.2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சிரமமில்லாமல் படிக்கலாம். படத்தின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரம் என்பது பழைய டிவிக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கில் 14 இஞ்சுக்கு 1.2 மீட்டர், 21க்கு 1.8, 29க்கு 2.4. எஸ்டேட் லைன் வீட்டின் பத்தடி அறையில் கட்டிலையும் கணப்பையும் தாண்டி 2.4 மீட்டர் எங்கே கிடைக்கும்? ஜாய்ஸ்டிக் ஒயரின் நீளமும் 14 இஞ்சுக்குத்தான் ஒத்துப்போகும்.

எடை இன்னொரு காரணம். 14 இஞ்ச் கலர் 10, 12 கிலோ, ஒருவரே தூக்கலாம். 21 இஞ்ச் 20 கிலோவைத் தாண்டும். 29 இஞ்ச் ஃபிளாட் டியூப் 45 கிலோ அளவுக்குப் போகும், எடையெல்லாம் முன்பக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ கொண்டைஊசி வளைவுகளில் ஏற்றிவரும்போது செட்டை நிமிர்த்தி வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் முன்னால் கவிழப் பார்க்கும். மெத்தை மேல் கண்ணாடி கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பதே நல்லது. டியூபில் உடையும் இடம் கண்ணாடி முகம் அல்ல, பின்னால் இருக்கும் மெல்லிய கழுத்து. கலர் செட் மேலே வந்தபின் மூலையில் பச்சையோ ஊதாவோ கறை தெரிந்தால் ‘மலைக்காற்று ஒத்துக்கல’ என்பார்கள். அது உயரத்தால் வருவதில்லை. வழியில் ஸ்பீக்கர் காந்தத்தின் பக்கத்தில் வைத்ததாலோ, வீட்டில் வேறு திசை பார்த்து வைத்ததாலோ வருவது. செட்டை முழுக்க அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள்; உள்ளே இருக்கும் டீகாஸ் காயில் (திரையில் ஏறிய காந்தத்தை நீக்கும் சுருள்), அதோடு சேர்ந்த தெர்மிஸ்டர் சூடு ஆறிய பிறகுதான் முழு பலத்தில் வேலை செய்யும். இரண்டு மூன்று முறை செய்தால் கறை போய்விடும்.

ஷட்டர் வைத்த மரக் கேபினட் 20 இஞ்ச் கறுப்பு வெள்ளை, அதாவது டயனோரா, சாலிடேர் காலத்துச் செட், பாங் வகை ஆட்டத்துக்கு எடுப்பானது. கறுப்பு வெள்ளை டியூபில் நிறப்புள்ளி வலை கிடையாது, கோடு கத்திபோல் விழும். ஆனால் ஃபேமிகாம் வகை கேமுக்கு அது சரிவராது. சிவப்புச் செங்கலும் பச்சைப் புதரும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். நிறச் சமிக்ஞை நுண்புள்ளிகளாகப் படம் முழுக்க ஊரும். அட்டாரி 2600இல் கலர், கறுப்பு வெள்ளை என்று ஒரு சுவிட்சே வைத்தது இதற்காகத்தான். இன்னொன்று, அந்த டியூப்களின் மூலை நன்றாக உருண்டிருக்கும். மதிப்பெண்ணை மூலையில் காட்டும் ஆட்டங்களில் எண்ணின் பாதி மறையும்.

இணைப்புக்கு வருவோம். ஏவி சாக்கெட் இருக்கும் செட் என்றால் மஞ்சள் ஒயரைச் சொருகினால் முடிந்தது. பழைய செட்டில் ஆன்டெனா வழிதான். கேம் பெட்டியிலிருந்து வருவது 75 ஓம் கோஆக்ஸ். செட்டின் பின்னால் இரண்டு திருகு மட்டும் இருந்தால் அது 300 ஓம் தட்டை ஃபீடர் ஒயருக்கானது. நடுவில் பேலன் என்ற சிறு மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் போடவேண்டும். அது இல்லாமல் ஒயரைப் பிரித்து முறுக்கிக் கட்டினாலும் படம் வரும், கூடவே எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்தும் வரும்.

சேனல் 3 என்றால் 55.25 மெகாஹெர்ட்ஸ், 4 என்றால் 62.25. திருகு சேனல் செட்டில் அந்த எண்ணில் வைத்து ஃபைன் டியூனிங் வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். பட்டன் செட்டில் பேண்டை விஎல்லில் (கீழ்ச் சேனல்களுக்கான பகுதி) வைத்து, சின்னச் சக்கரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டுங்கள். படம் வந்து சத்தம் மட்டும் ‘உஸ்’ என்று இரைந்தால் கேம் பெட்டி வேறு நாட்டுக்குச் செய்தது. நம் முறையில் சத்தம் படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரவேண்டும். ஹாங்காங் வகை 6.0, சீன வகை 6.5. பெட்டியின் தகரக் கூட்டுக்குள் இருக்கும் மாடுலேட்டரில் (கேமின் படத்தையும் சத்தத்தையும் டிவி சேனலாக மாற்றும் பகுதி) சத்தத்துக்கான சின்ன காயில் ஒன்று இருக்கும். பிளாஸ்டிக் திருப்புளியால் அதன் நடுத் திருகைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, இரைச்சல் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இரும்புத் திருப்புளி போட்டால் அது உள்ளே இருக்கும்போது சரியாகவும் வெளியே எடுத்ததும் தவறாகவும் இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த அசல் ஃபேமிகாம் என்றால் இந்த வேலை வீண். அதன் ஆர்எஃப் 91.25 அல்லது 97.25 மெகாஹெர்ட்ஸ், நம் திருகு சேனல் செட்டில் அந்த இடமே கிடையாது.

கொடைக்கானல்காரர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு தனித் தொல்லை. தென் மாவட்டங்களுக்கெல்லாம் படம் அனுப்பிய தூர்தர்ஷன் கோபுரம் தலைக்கு மேலேயே. ஆன்டெனா ஒயரைக் கழற்றாமல் கேமை இணைத்தால் படத்தின் மேல் மீன்முள் மாதிரிக் கோடு ஓடும். நீலகிரியில் பிரச்சினை நேர் எதிர். மேட்டுக்குப் பின்னால் இருக்கும் வீடுகளில் சிக்னல் வராமல் பூஸ்டர் வைத்திருப்பார்கள். இப்போது அனலாக் ஒளிபரப்பு இல்லாவிட்டாலும் பல வீடுகளில் அந்த ஒயரும் பூஸ்டர் அடாப்டரும் அப்படியே இருக்கின்றன. பூஸ்டருக்கான கரன்ட் அதே ஆன்டெனா ஒயரில்தான் மேலே போகும். அந்த முனையில் கேமைச் சொருகினால் மாடுலேட்டருக்குள் நேரடியாக டிசி ஏறும். முதலில் பூஸ்டர் அடாப்டரைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள்.

இனி மலைக்கே உரிய சங்கதி. பழைய டிவியைக் கெடுப்பது இங்கே குளிர் அல்ல, ஈரம்.

காலையில் போட்டால் படம் மங்கலாக, கண்ணாடி போடாத கண்ணுக்குத் தெரிவதுபோல் வந்து, இருபது நிமிடம் கழித்துத் தானே தெளிவாகிறதா? மெக்கானிக் எல்ஓடியை (டியூபுக்கு உயர் வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) மாற்றச் சொல்லுவார், சிலர் டியூபே போய்விட்டது என்பார். பெரும்பாலும் இரண்டும் இல்லை. டியூபின் கழுத்தில் மாட்டிய சாக்கெட்டுக்குள், ஃபோகஸ் காலைச் சுற்றி ஒரு மூடிய அறை உண்டு. வருஷக்கணக்கில் பனிமூட்ட ஈரம் அதற்குள் இறங்கிப் பச்சை களிம்பு படிந்திருக்கும். 25 ஆயிரம் வோல்ட் செட்டில் ஃபோகஸ் மட்டுமே 6, 7 ஆயிரம் வோல்ட். அது களிம்பு வழியாகக் கசிகிறது. செட் சூடானதும் ஈரம் காய்ந்து கசிவு நிற்கிறது. கழுத்தின் தடிமனையும் கால் அமைப்பையும் பார்த்து அதே வகை சாக்கெட் வாங்கிப் போட்டால் போதும். சாக்கெட்டைத் துடைத்து மறுபடி போடுவது ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்ததற்குத் தாங்காது.

இருட்டில் ‘ஸ்ஸ்’ என்ற சத்தமும், டியூபின் மேல் ரப்பர் தொப்பியைச் சுற்றி ஊதா வெளிச்சமும், ஓசோன் வாடையும் இருந்தால் அது ஈஎச்டி, அதாவது டியூபுக்குப் போகும் அந்த 25 ஆயிரம் வோல்ட், கசிவது. இதில் உயரத்துக்கும் பங்குண்டு. உதகை 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,133. அங்கே காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் சுமார் நான்கில் மூன்று பங்குதான். காற்று மெலிந்தால் அதே வோல்டேஜ் இன்னும் தூரம் தாவும். வீட்டு மின்கருவிகளுக்கான காப்பு இடைவெளிகளைப் பொதுவாக 2,000 மீட்டர் வரைக்கும்தான் கணக்குப் போடுவார்கள். குன்னூரும் கோத்தகிரியும் அதற்குள் அடங்கும். உதகையும் கொடைக்கானலும் கொஞ்சம் மீறிவிடும். புது செட்டுக்கு அந்தக் கொஞ்சம் ஒன்றும் செய்யாது. தூசியும் ஈரமும் ஏறிய முப்பது வருஷ செட்டுக்கு அதுவே போதும்.

சுத்தம் செய்யும் முறை இது. பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் விடுங்கள். நல்ல காப்புப் பிடி உள்ள நீளத் திருப்புளியின் கம்பியில் ஒரு ஒயரைக் கட்டி, மறுமுனையை டியூபின் முதுகில் ஓடும் பின்னல் செம்புக் கம்பியில் கிளிப் போடுங்கள். சேசிஸில் (போர்டின் கிரவுண்டில்) போட்டால் ஐசிக்கள் போகும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, திருப்புளி நுனியை ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழைத்து உலோகக் கொக்கியைத் தொடுங்கள். ‘பட்’ என்று கேட்கலாம், கேட்காமலும் போகலாம். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. கண்ணாடியில் தேங்கிய மின்னூட்டம் திரும்ப எழும் என்பதால் இந்த இரண்டாவது முறை கட்டாயம். பிறகு தொப்பியைக் கழற்றி, துளையைச் சுற்றி ஐந்து செ.மீ. கண்ணாடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அதற்கப்பால் தெரியும் கறுப்புப் பூச்சு அழுக்கு அல்ல, தொடாதீர்கள். முழுக்கக் காய்ந்தபின் தொப்பியின் உள்ஓரத்தில் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். இதைப் படித்து முதல்முறை செய்யப் போகிறவர் என்றால், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பல வருஷம் பரணில் கிடந்த செட்டை நேராகச் சுவிட்ச் போடாதீர்கள். பின்மூடியைக் கழற்றி, காய்ந்த அறையில் 40 வாட் குண்டு பல்பை ஒரு அடி தள்ளி எரியவிட்டு இரண்டு நாள் வையுங்கள். கழுத்துக்கு நேராகப் பல்பு வேண்டாம். குளிர்ந்த அறையிலிருந்து செட்டைக் கணப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்தால், மூடியபடியே நான்கைந்து மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே முழுக்க வியர்க்கும். பிறகு 100 வாட் பல்பு போட்ட சீரீஸ் போர்டில் (செட்டுக்குப் போகும் கரன்ட் பல்பு வழியாகவே போகும் போர்டு) மாட்டுங்கள். பல்பு ஒரு முறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே ஷார்ட். கலர் செட்டில் இந்தச் சோதனைக்கு முன் டீகாஸ் காயிலின் பிளக்கை எடுத்துவிடுங்கள், அது பல்பை ஏமாற்றும்.

வோல்டேஜ் இன்னொரு தலைவலி. 2,000 வாட் ரூம் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டு ஒயரிங்கில் போக வர ஒன்றரை ஓம் இருந்தால் அங்கேயே 13 வோல்ட் போச்சு. லைன் ஏற்கெனவே 185இல் இருக்கும் மாலை நேரத்தில் ஹீட்டர் போட்டதும் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் வகை கறுப்பு வெள்ளை செட்டின் படம் நான்கு பக்கமும் சுருங்கி ஓரம் நெளியும். ஸ்டெபிலைசர் வாங்கும்முன் ஹீட்டரை வேறு பாயின்டுக்கு மாற்றிப் பாருங்கள். பிற்கால கலர் செட்டுகளின் எஸ்எம்பிஎஸ் (வோல்டேஜைத் தானே சீராக்கும் பவர் பகுதி) 140, 150 வோல்டிலும் ஓடும். அவற்றுக்கு ஸ்டெபிலைசர் தண்டம். படத்தில் இரண்டு அகலமான நிழல் பட்டை மெதுவாக மேலேறினால் டிவியைத் தொடாதீர்கள், கேமின் அடாப்டரைப் பாருங்கள். உள்ளே இருக்கும் 1000 மைக்ரோஃபேரட் கன்டென்சர் காய்ந்திருக்கும்.

கேம் படத்தின் மேலும் கீழும் நிற்கும் கறுப்புப் பட்டையை நீக்க வெர்டிகல் சைஸை (படத்தின் உயரத்தை) ஏற்றலாம். ஏற்ற வேண்டியது 12 சதவீதம் அளவுக்குத்தான். எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி வைத்து, பின்னாலிருந்து வி-சைஸ் பிரிசெட்டைப் பிளாஸ்டிக் திருப்புளியால் திருப்புங்கள். வி-லின் என்பதையும் கூடவே திருத்தினால்தான் மேல்பாதியும் கீழ்பாதியும் சமமாக நீளும். பாங் வகையில் மேலே இருக்கும் மதிப்பெண் மறையத் தொடங்கினால் நிறுத்துங்கள். கீழே வெள்ளையாக ஒரு மடிப்பு விழுந்தால் வெர்டிகல் பகுதியின் கன்டென்சர் தளர்ந்திருக்கிறது; 1000 அல்லது 2200 மைக்ரோஃபேரட், போர்டில் இருக்கும் அதே வோல்டேஜுக்குக் குறையாமல் மாற்றுங்கள். நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடு மட்டும் நின்றால் உடனே அணைக்கவேண்டும், அந்தக் கோடு டியூபில் தழும்பாகிவிடும். பாங் கோர்ட்டின் எல்லைக் கோடும் மணிக்கணக்கில் எரிந்தால் அதே தழும்புதான், மெதுவாக.

கறுப்பு வெள்ளை செட்டுக்கு ஏவி சாக்கெட் போட்டுத் தரச் சொல்கிறவர்கள் ஒன்று கவனியுங்கள். 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் 14 இஞ்ச் செட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், சேசிஸ் லைனிலிருந்து பிரிந்திருக்கும். டிடெக்டருக்குப் பின் வீடியோவை நுழைத்து 75 ஓம் ரெசிஸ்டர் போட்டால் வேலை முடிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பெரிய செட்டில் சேசிஸ் மின்சார லைனோடு நேராகச் சேர்ந்தது. அதில் சாக்கெட் வைத்தால் ஜாய்ஸ்டிக் பிடித்த பிள்ளையின் கைக்கு 230 வோல்ட் போகும். அந்த செட்டுக்கு ஆர்எஃப் மட்டும்.

துப்பாக்கி ஆட்டம் டியூப் டிவியில் மட்டும் வேலை செய்யும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, குறி மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைத் தேடுகிறது. எல்சிடி படத்தைத் தாமதமாகக் காட்டுவதால் துப்பாக்கி தேடும்போது அங்கே ஒன்றும் இருக்காது. டியூபிலேயே சுடாவிட்டால் பிரைட்னஸைக் கொஞ்சம் ஏற்றி, ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள்.

பாங் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை. ஏ4 ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்) 29.7க்கு 21 செ.மீ.; 14 இஞ்ச் செட்டின் 27.2க்கு 20.4 படத்தை அப்படியே மூடும். ஏ3 ஷீட் 20 இஞ்சுக்குச் சரியாக வரும், 21 இஞ்சுக்கு உயரத்தில் ஒரு செ.மீ. போதாது. ஆட்டத்தை ஓடவிட்டு, ஷீட்டை ஒட்டி, எல்லைக் கோட்டையும் வலையையும் மார்க்கரால் அதன்மேலேயே வரையுங்கள். கண்ணாடி வளைவாக இருப்பதால் கண்ணை நடுவுக்கு நேராக வைத்து வரையவேண்டும். பக்கத்திலிருந்து வரைந்தால் ஓரக் கோடு அரை செ.மீ. விலகும். கழற்றி மேசையில் வைத்து உள்பக்கம் பச்சைக் கண்ணாடிக் காகிதம் (செலோஃபேன்) ஒட்டுங்கள். திரும்ப மாட்டும்போது நான்கு மூலையிலும் செலோ டேப் துண்டு. பனிக்காலக் காலையில் கண்ணாடியில் ஈரம் இருந்தால் நிலைமின்சாரம் பிடிக்காது.